இடம் வலம்

கோமளத்தின் புது மதிலுக்குப்
பதினொரு பை சீமெந்து இறக்கிக் கொடுத்த பிறகுதான்
பின்கமெரா வாங்கச் சம்மதித்தார்.
வெற்றிலைக் கட்டு கூரை முட்ட ஏற்றினால்
உள்கண்ணாடியில் பச்சை மட்டும்தான்.
பச்சைக்குப் பின்னால் மதில் இருந்தது.

கல்முனையில் நாலாயிரத்து இருநூறு.
பூட்டித் தர இன்னும் மூவாயிரம் என்றான் கடைப் பொடியன்.
நான் பூட்டுவேன் என்றேன்.
அவன் இவரைப் பார்த்தான்.
இவர் கடையின் காற்றாடியைப் பார்த்தார்.

ஞாயிறு. களுதாவளை, எங்கள் வளவு மணல்.
மூன்றுபேர் கைமாறிய டொல்பின் வேன்
பின்கதவைத் தூக்கிக்கொண்டு நின்றது
பல்டொக்டரிடம் வந்தமாதிரி.
உள்தட்டை நெம்பினேன்.
பதினெட்டு கிளிப்பில் ஏழு உடைந்து தெறித்தன.
ஒன்றைக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.
தட்டுக்குள்ளே
காய்ந்த வெற்றிலைக் காம்புகள், ஓர் ஐம்பது சதம்,
யாரோ ஒரு பிள்ளையின் கொலுசு மணி.

"ரிவேஸ் போடுங்க."
"போட்டாச்சு."
"திறப்பத் திருப்பினீங்களா?"
சத்தமில்லை. பிறகு
சோதனைக் குமிழ் என் கைக்குள் எரிந்தது.

சிவப்பு வயர் பின்விளக்கின் உயிருக்கு.
கறுப்பு, துரு சுரண்டிய தகரத்துக்கு.
மஞ்சள் தலை வைத்த நீளக் கேபிளை
ஈர்க்கில் கட்டி ஆசனங்களுக்கு அடியால் தள்ளினேன்.
முதல் ஈர்க்கு முறிந்தது.
இரண்டாவது முன்னால் எட்டிப் பார்த்தது.
வீட்டு வயரிங் படித்த வருஷம்
இருநூற்று முப்பது வோல்ட் ஒருதரம் என்னைத் தூக்கி எறிந்தது.
பன்னிரண்டு, பாவம்,
அதற்குக் கடிக்கவும் தெரியாது.

திரை எரிந்தது. கிணறு வந்தது.
இடப்பக்கம் வந்தது.
எங்கள் கிணறு வலப்பக்கம்.
கோமளத்தின் மதில்
கிணறு இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றது.
"என்னகா, எல்லாம் மாறிக்கிடக்கு?
இப்பிடியெண்டா திரும்பவும் மதிலுக்குத்தான் போவன்."

சீன எழுத்துக் காகிதத்தில் ஒரு கத்தரிக்கோல் படம்.
கமெராவின் கழுத்தடியில்
வளையமாய் ஒரு வெள்ளை வயர்.
வெட்டினாலும் ஒட்டலாம், எனக்குத் தெரியும்.
ஆனாலும் கை கொஞ்சம் நின்றது.
கிட்டத்தில் கிடந்தது பாக்குவெட்டி.
நறுக்.
கிணறு தன் பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

மறுகா, பின்னால் போய் நின்றேன், வழமைபோல.
பதினாலு வருஷமாய் அங்கே நிற்கிறவள்.
வரட்டும், வரட்டும், இடப்பக்கம் ஒடிங்க,
நில்லுங்க என்று தகரத்தில் தட்டுகிறவள்.
மதில் விழுந்த அன்று
தம்பி வீட்டில் மூன்று நாள் கோபமாயிருந்தவள்.

"தெரியுதா?"
"தெரியுது."
"என்ன தெரியுது?"
"சிவப்புக் கோட்டில நிக்கிறாய்."

அவரை இறங்கச் சொன்னேன். நான் ஏறினேன்.
உள்ளங்கை அகலத் திரையில்
வயிறு பெருத்து, கால் சிறுத்து
ஒரு மனிசன், பச்சைக் கோட்டுக்கும் அங்கால்.
என் கையசைவு அப்படியே:
வரட்டும், வரட்டும்.
எனக்கு ஓடத் தெரியாது. அவருக்கும் அது தெரியும்.
கிளச்சை மிதித்தபடி இருந்தேன், வெகுநேரம்.
அவர் கையை நிறுத்தவில்லை.

திங்கள், விடிய நாலரை, லென்சில் பனி.
"ஒண்டும் தெரியல்ல, வெளிய வாகா" என்று
ஹோர்னை அடிக்கிறார்.
சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு
ஓரமாய் ஒதுங்கினேன்.
வேன் பின்னால் வருகிறது.
கிளிப் இல்லாத உள்தட்டு
கடகடவென்று ஆட,
மதிலுக்கு ஒரு சாண் விட்டுத்
திரும்புகிறது.
நான் தட்டவில்லை.